கணினி வலையமைப்பும் பழுதறியும் முறையும்

எத்தொழிலும் இருவகைப் பயிற்சியால் நிறைவுறுவதாகும். ஒன்று, ஆக்கும் முறையை அறிதல். மற்றொன்று, ஆக்கியது கெட்டபோது கெட்ட இடத்தைக் காணுதல். வண்டி செய்யும் தச்சன் சக்கரத்தைப் பூட்டவும் வல்லன். ஓடும் வண்டியின் ஓசையைக் கேட்டு, தேய்ந்த அச்சு இன்னதெனக் கூறவும் வல்லன். கணினி வலையமைப்பு என்னும் இக்காலத் தொழிலும் இவ்விதிக்குப் புறம்பன்று. இக்கல்லூரியிற் பயின்று வெளியேறிய பின், சான்றிதழ்த் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பணியிற் சில ஆண்டுகள் கழித்தவன் யான். அப்பணியிற் கண்ட உண்மை ஒன்று பின்வரும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படுமெனக் கருதி இதனை எழுதலானேன்.

வலையமைப்பாவது, பல கணினிகள் தம்முள் செய்தி பரிமாறும் பொருட்டுக் கேபிள்களாலும், ஸ்விட்ச், ரவுட்டர் முதலிய கருவிகளாலும் இணைக்கப்பட்டிருத்தலாம். ஏரிப் பாசனத்தை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஏரியினின்று மதகு, மதகினின்று வாய்க்கால், வாய்க்காலினின்று மடை, மடையினின்று வயல் என நீர் செல்லுமாறு போலச் செய்தியும் படிப்படியாகவே செல்கின்றது. கடைமடை வயல் காய்ந்ததாயின் நீர்க்கட்டி வானத்தை நோக்கி நிற்பதில்லை. வரப்பின்மேல் நடந்து, அடைப்பு எங்குள்ளதென ஒவ்வொரு மடையாகப் பார்த்துச் செல்வான்.

பழுது இத்தொழிலுடன் உடன்பிறந்தது. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். அச்சொல்லின் முதலிரண்டு ஆங்கில எழுத்துக்கள் சென்ற அளவில் அப்பாலிருந்த கணினி நின்றுபோயிற்று. ஏறக்குறைய ஒருமணி நேரத்திற்குப் பின்னரே முயற்சி கைகூடிற்று. இன்று உலகைச் சூழ்ந்துள்ள இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட்டின் முதற்செய்தி இதுவே.

இனி, யான் ஈடுபட்ட செய்திக்கு வருவேன். ஒரு பயிற்சிக் கூடத்தில் 24 மாணவர்க்கு வலையமைப்பு வகுக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. மாணவரையும் அதில் ஈடுபடுத்தினேன். முதற்கண் எண்ணுதலையே அவர்க்குப் பணியாகத் தந்தேன். மாணவர் கணினி 24, ஆசிரியர் கணினி 1, சர்வர் 1, ரவுட்டர் 1, ஆக 27. ஆதலின் 24 துளைகளையுடைய ஸ்விட்ச் போதாது. 48 துளைகளையுடையதே வேண்டும் என அவர்களே கூறினர். செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேற்படலாகாது என்பதனையும் அளந்து பார்த்தனர். அடுத்த அறையும் பின்னர் வகுப்பாகும் எனக் கூடத்தார் கூறியமையால் அதற்கும் நான்கு கேபிள்கள் இழுத்தோம்.

அதன்பின் முகவரிகளைப் பங்கிட்டோம். 192.168.10 என்று தொடங்கும் வரிசையில் 254 முகவரிகள் கருவிகளுக்கு வழங்கற்குரியன. அவற்றுள் முதல் எண்ணை ரவுட்டருக்கும், பத்தாம் எண்ணைச் சர்வருக்கும் நிலையாகக் கொடுத்தோம். 51 முதல் 150 வரையுள்ளவற்றை, கேட்கும் கணினிகளுக்குச் சர்வரே வழங்குமாறு டி.எச்.சி.பி. என்னும் முறையை அமைத்தோம். ஒவ்வொரு கேபிளின் இருமுனையிலும் எண் எழுதி ஒட்டி, எந்தத் துளை எவ்விடம் செல்கின்றதென ஒரு குறிப்பேட்டில் வரைந்து வைத்தோம். “ஐயா, கண்ணெதிரே தெரியும் கேபிளுக்கும் பெயர் வேண்டுமோ?” என்று ஒரு மாணவர் நகைத்தார். “தம்பி, இன்று தெரிகின்றது, நாளை தெரியவேண்டும் அன்றோ?” என்றேன்.

அவ்வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். அவர் பயிற்சிக் கட்டணத்திற்காக அவருடைய தாயார் வளையல்களை அடகு வைத்திருந்தார். தேர்வுக் கட்டணமோ வேறு. ஒருமுறை தவறினால் மறுமுறையும் செலுத்துதல் வேண்டும். ஒருநாள் அவர் என்னிடம் வந்து, “ஐயா, தேர்வு வினாக்களையும் விடைகளையும் திரட்டி விற்கின்றார்களாமே, அதனை மனப்பாடம் செய்தால் தவறாது தேறலாம் என்கின்றார்கள். எனக்கு இரண்டாம் முறை பணம் கட்ட வழியில்லை” என்றார். அவ்வினாவை எளிதில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. அத்தகைய தொகுப்பைப் பயன்படுத்தினோர் சான்றிதழை நீக்கத் தேர்வு நடத்துவோர்க்கு விதியுண்டு என்று சொன்னேன். ஆயினும் அச்சுறுத்தலால் ஒருவர் உள்ளம் தெளிவதில்லை. தெளிவு வேறு வழியில் வந்தது.

தேர்வுக்கு இரண்டு வாரமிருக்க, ஒருநாட் காலை கூடத்திற் குழப்பம் உண்டாயிற்று. சில கணினிகள் நன்கு இயங்கின. சில சர்வரை அடையவில்லை. சற்றுமுன் இயங்கியது இப்போது இயங்கவில்லை. ஒருவர் வைரஸ் என்றார். ஒருவர் மின்சாரக் குறை என்றார். ஒருவர் எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் போடலாம் என்றார். யான் கருவி எதனையும் தொடவேண்டா என்று கூறி, நீர்க்கட்டியைப்போல் நடப்போம் என்றேன்.

முதலில் கேபிளைப் பார்த்தோம். இணைப்பு விளக்கு எரிந்தது. அடுத்து, மைக் மூஸ் என்பவர் 1983-ஆம் ஆண்டு இயற்றிய ‘பிங்’ என்னும் சிறு கட்டளையால் சர்வரை விளித்தோம், விடையில்லை. பின்னர், நன்றாயுள்ள கணினி ஒன்றையும் கெட்ட கணினி ஒன்றையும் அருகருகே வைத்து இரண்டன் முகவரிகளையும் ஒப்பிட்டோம். நல்லதன் முகவரி எங்கள் வரிசையில் இருந்தது. கெட்டதன் முகவரியோ 192.168.0.107 என்றிருந்தது. அம்மாணவி உடனே, “ஐயா, இது நாம் கொடுத்த முகவரியன்று, வேறு யாரோ கொடுத்திருக்கின்றார்கள்” என்றார்.

அவர் சொல்லியதே உண்மை. முகவரியில்லாத கணினி எழுந்தவுடன், “எனக்கு முகவரி தருவார் உளரோ?” என்று எல்லோரும் கேட்கக் கூவும். எவர் விடை முந்துகின்றதோ அதனையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பழைய முகவரியின் தவணை தீராத கணினிகள் தடையின்றி இயங்கின. புதிதாய்க் கேட்டவற்றுள் அயலான் முந்தியவை வழி தவறின. பழுது இடம் மாறுவது போலத் தோன்றியதன் காரணம் இதுவே.

அவ்வயலான் எங்குள்ளான்? முகவரி வழங்கியது 192.168.0.1 எனக் கெட்ட கணினியே காட்டிற்று. அதன் வன்பொருள் எண்ணைக் கண்டு, ஸ்விட்ச் வைத்திருக்கும் அட்டவணையில் தேடினோம். 31-ஆம் துளை என்று வந்தது. மாணவி குறிப்பேட்டைப் புரட்டி, “அடுத்த அறை, நான்காம் கேபிள்” என்று படித்தார். சென்று பார்த்தோம். அவ்வறையை அலுவலாகக் கொண்டிருந்த ஒருவர், கைப்பேசிக்கு இணையம் வேண்டி, வீட்டில் வைக்கும் வைஃபை ரவுட்டர் ஒன்றை அங்கே செருகி, அது பயன்படாமையால் அப்படியே விட்டிருந்தார். அவர் தீங்கு நினைத்தவரல்லர். அதனைக் கழற்றினோம், கணினிகள் முகவரியைப் புதிதாகப் பெறச் செய்தோம், சர்வர் இருக்கும் துளையன்றி வேறெத்துளையும் முகவரி வழங்காதவாறு ஸ்விட்சில் காவல் அமைத்தோம், 24 கணினிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம், நிகழ்ந்தது முழுவதையும் எழுதி வைத்தோம்.

காம்ப்டியா நிறுவனத்தாரின் நெட்வொர்க் பிளஸ் தேர்வு, பழுது நீக்கலை ஏழு படிகளாக வகுத்துக் கூறும். பழுதை வினவி அறிதல், காரணத்தைக் கருதுதல், கருதியதைச் சோதித்தல், செய்வழி வகுத்தல், செய்தல், முழுதும் சீர்ப்பட்டதா எனப் பார்த்தல், கண்டதை எழுதி வைத்தல் என்பன அவை. அன்று காலை அவ்வேழும் மனப்பாடமின்றியே மாணவர் உள்ளத்திற் பதிந்தன. மாலையில் அம்மாணவி, “ஐயா, வினாத்தொகுப்பு எனக்கு வேண்டா; குறிப்பேட்டை வீட்டிற்குக் கொண்டு செல்லட்டுமா?” என்று கேட்டார். அவர் முதன்முறையிலேயே தேறினார். அதனினும் பெரிதாக யான் மதிப்பது, பின்னர்ப் பணிக்கான நேர்முகத்தில், முகவரி மாறிய கணினியைப் பற்றி வினவியபோது, தாம் கண்ணாற் கண்டதையே விடையாகச் சொன்னார் என்பதனையே.

சான்றிதழைப் பழிப்பது என் கருத்தன்று. வறியோர்க்கு அது கதவைத் திறக்கும் திறவுகோல். ஆயினும் அதற்கு ஆயுள் உண்டு. ஒருகாலத்தில் பலர் வருந்திப் பயின்ற விண்டோஸ் சர்வர் 2003-க்கு ஆதரவு 2015-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாளோடு முடிந்தது. எம்.சி.எஸ்.ஈ. என்னும் புகழ்பெற்ற சான்றிதழையே மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நிறுத்திவிட்டனர். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. சான்றிதழ் மூன்றாண்டே செல்லும். கருவிகள் மாறும், தேர்வுகள் மாறும், எண்ணி அமைத்தலும், வரிசையாகத் தேடுதலும், கண்டதை எழுதுதலும் மாறா.

ஆகவே, மாணவ நண்பர்காள்! அமைக்கும்போதே, இது கெட்டால் எவ்வாறு காண்போம் என்று சிந்தித்து அமைமின். கெட்டவிடத்து யூகத்தால் ஓடாது, அடிமுதல் படிப்படியாக நடமின். உங்களுக்குப் பின் அவ்விடத்தில் நிற்கப்போகும் ஒருவர்க்கென இரண்டு வரியேனும் எழுதி வைம்மின். அவ்விரண்டு வரி எவருடைய காலைப்பொழுதைக் காக்குமோ, யாரறிவார்?