வில்லும் விலையும்

அரசு அலுவலகங்களில் பழைய ஊர்திகளைக் கழித்துக் கட்டுவதற்கென்று ஒரு வாசகம் உண்டு. பழுதுபார்க்கும் செலவு, இனிக் கிடைக்கக்கூடிய பயனுக்கு மிகையாகும் என்பதே அதன் சாரம். எங்களைப் போன்ற எழுத்தர்கள் எத்தனையோ கோப்புகளில் அதனை எழுதியிருக்கிறோம். அலுவலக முற்றத்தில் நின்ற வெள்ளை அம்பாசடர்கள் ஒவ்வொன்றாக ஏலம் போனதும் அவ்வாசகத்தின் வலிமையால்தான். எழுதிய கை ஒருநாளும் தயங்கியதில்லை. எங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டிக்கு அதனை எழுத நேர்ந்தபோதுதான் பேனா ஓட மறுத்தது.

எங்கள் தந்தையார் நாகபுரியில் மத்திய அரசுப் பணியாற்றி 1996இல் ஓய்வு பெற்றார். அந்நாளில் ஓய்வு வயது 58. சேமநிதித் தொகையில் சொந்த ஊரில் வீடு கட்டுவார் என்று உறவினர் எதிர்பார்த்திருக்க, அவரோ ஓர் அம்பாசடரை வாங்கி, “வீட்டுக்குச் சக்கரம் வைத்துக்கொண்டேன்” என்று சொல்லி இவ்வூரிலேயே தங்கிவிட்டார். 2014 மே மாதம் மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அவ்வாண்டின் இறுதியில் தந்தையாரும் மறைந்தார். அன்று முதல் வண்டி எங்கள் பொறுப்பு. நாங்கள் என்றது கணவன் மனைவி இருவரையும். பின்னிருக்கை மட்டும் என்றும் அன்னையாருக்கே உரியது. முழங்கால் நோவு உடையவர்க்கு அவ்வுயர்ந்த இருக்கை பெரும் துணை. நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம்.

இவ்வண்டியின் பின்னச்சைத் தாங்குபவை இருபுறமும் உள்ள வில்பட்டைக் கட்டுகள். நீளம் படிப்படியாகக் குறையும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவே ஓர் ஆணியால் இறுக்கி, யூ போல்ட்டுகளால் அச்சோடு பிணைத்திருப்பார்கள். முதற்பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்முனை அசையாது, பின்முனையோ ஆடும் கண்ணியில் தொங்கும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுமன்றோ, அதற்கு இடம் வேண்டும். இவ்வூரார் இதனைக் கமானி என்பர். கமான் என்றாலும் வில்தான்.

2019இல் வலப்புறத்து முதற்பட்டை விரிசல் கண்டது. சாலையோரப் பட்டறையில் 600 ரூபாய்க்குப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். வில்லெஃகைப் பற்றவைக்கலாகாது, அவ்வெப்பத்தில் அதன் பதம் கெட்டுவிடும் என்பதை நான்காம் மாதம் அப்பட்டை ஒட்டின் அருகிலேயே ஒடிந்து எங்களுக்குக் கற்பித்தது. பழைய இரும்புக் கடைப் பட்டை ஒன்றைப் பொருத்தினோம், 1,400 ரூபாய். 2021இல் வண்டியின் பின்புறம் தாழ்ந்தது. பட்டைகளைக் கழற்றி அடித்து வளைவேற்றினார்கள், 3,200. மீண்டும் தாழ்ந்தது. 2023இல் வாடிப் பகுதியில், லாரிகளுக்கு வேலை செய்யும் பட்டறை ஒன்றில், இருபுறமும் தடித்த லாரிப் பட்டை ஒவ்வொன்றைச் செருகினார்கள், 1,800. வண்டி நெஞ்சு நிமிர்த்தி நின்றது. புதுக் கட்டு வாங்காமலேயே காரியம் முடிந்ததென்று கணக்குப் புத்தகத்தில் எழுதி, அடிக்கோடும் இட்டுக்கொண்டோம்.

2025 நவம்பரில் ராம்டேக் சென்று திரும்பும்போது, ஒரு வேகத்தடையில், இடப்புறத்திலிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்தது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அன்னையாரைக் கைகொடுத்து இறக்கிய பிறகே இருக்கையைப் பார்த்தோம். அவருடைய சேலைத் தலைப்பு இதுவரை மறைத்திருந்த இடத்தில், நான்காக மடித்த போர்வைகள் இரண்டு கிடந்தன.

“எத்தனை நாளாக அத்தை இப்படி?” என்று இல்லாள் கேட்டார்.

“அந்த லாரிக்காரன் பட்டை போட்டதிலிருந்துதான் அம்மா. கொஞ்சம் தூக்கிப் போடுகிறது.”

“சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னால் வண்டியை விற்றுவிடுவீர்களே.”

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, இடுப்புக்கு மேல் முதுகெலும்பு ஒன்று சற்று நசுங்கியிருப்பதாகவும், இவ்வயதில் எலும்பு வலுவிழப்பது இயல்பே என்றும், இனி அதிர்ச்சி கூடாதென்றும் கூறினார். வண்டிதான் காரணமா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டையின் விறைப்பு வண்டியை நிமிர்த்தியதேயன்றிக் குழியின் அடியை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்காத அடி எங்கே போயிற்று என்பதற்கு எங்கள் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை.

பழைய இரும்பு வியாபாரி முழு வண்டிக்கும் 30,000 தருவதாகச் சொன்னார். காம்ட்டி சாலைப் பக்கத்தில் கமானி வேலையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவரைத் தேடிப் போனோம். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைக்கிறார்கள். மற்றப் பட்டறைக்காரர்கள் எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். இவரோ, “அண்ணா, பின்னால் யார் உட்காருவார்கள்?” என்று கேட்டார். ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி கோணும், இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும் என்றார். தடித்த பட்டை சிலவற்றைவிட மெல்லிய பட்டை பல இருந்தால் வில் மென்மையாக வளையும் என்றும், எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி வளைத்து எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினால்தான் உழைக்கும் என்றும் விளக்கினார்.

அவர் சொன்ன மதிப்பீடு இது: புதுக் கட்டுகள் இரண்டு 14,800. யூ போல்ட்டுகள் 1,200. கண்ணி ஊசிகளும் ரப்பர் புஷ்களும் 1,900. நடு ஆணி, கவ்விகள் 500. அதிர்வுதாங்கிகள் இரண்டு 3,600. கூலி 3,500. வண்டியை இழுத்துவந்த செலவு 2,500. ஆக 28,000. முழு வண்டியின் இரும்பு விலைக்கு இரண்டாயிரமே குறைவு! 2026இல் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டுத் திருத்தத்தின்படி, இருபதாண்டு கடந்த கார்களுக்கு அக்கட்டணமே 10,000. கையிலிருந்ததோ இளைய மகளின் விடுதிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணம். அலுவலகக் கோப்பாக இருந்திருந்தால் அரைப்பக்கத்தில் முடித்திருப்போம்.

அன்றிரவு நெடுநேரம் பேசினோம். விற்றுவிட்டு வாடகை வண்டியில் போகலாம் என்பதும் நியாயமான யோசனைதான். இன்றும் அதனைத் தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் நான்கு முறை சிக்கனம் செய்து 7,000 ரூபாயை வீணாக்கியவர்கள் நாங்கள். அதன் வட்டியைச் சொல்லாமல் கட்டியவர் அன்னையார். மகளே தொலைபேசியில், கட்டணத்தை இரு தவணையாகக் கட்ட விடுதியில் இசைந்திருப்பதாகத் தெரிவித்தாள். மறுநாள் முன்பணம் கொடுத்தோம்.

வேலை முடிய ஒன்பது நாள் ஆயிற்று. கழற்றிய பட்டைகளை உஸ்தாத் எங்களிடமே தந்தார். நல்ல எஃகு வீணாகலாமா என்று அன்னையார் அவற்றுள் ஒன்றைப் பக்கத்துக் கொல்லரிடம் கொடுத்து, வீட்டிலிருந்த அரிவாள்மணைக்குப் புது அலகு அடித்துக்கொண்டார். அதற்கு 250. கணக்கில் 28,250 என்று திருத்தினோம்.

புதுக் கட்டுகளோடு முதலில் போனது மருத்துவமனைக்குத்தான். வழக்கம்போல் அன்னையார் போர்வையோடு வந்து ஏறினார். ஆனால் இம்முறை ஒன்றுதான் கொண்டுவந்தார்.