உம்மா சொன்ன ‘முடியாது’

அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பும்போது, தெருமுனையிலேயே எங்கள் வீட்டுத் தறியின் ஓசை காதில் விழும். அச்சை இழுத்து உம்மா கோரையை இறுக்கும் ஓசை அது. நினைவு தெரிந்த நாள் முதல் நான் கேட்டு வளர்ந்தது. சென்ற ஷவ்வால் மாதத்திலிருந்து அந்த நேரத்தில் அது கேட்பதில்லை. அது ஏன் நின்றது என்பதையும், அதன் வழியாக நான் கற்றுக்கொண்ட பாடத்தையும், என்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பயன்படலாம் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பத்தமடை. தாமிரபரணிக் கரையோரக் கோரையைக் கொண்டு பாய் நெய்வது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் நெடுநாளையக் கைத்தொழில். பெரும்பாலும் வீட்டுப் பெண்களே நெய்கிறார்கள். கோரையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்ற வேண்டும். பின்னர் தரையையொட்டி இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்கிடையே அதை ஒவ்வோர் இழையாகக் குச்சியால் செலுத்த வேண்டும். சாதாரணப் பாய் விரைவில் முடிந்துவிடும். பட்டுப்பாய் என்று சொல்லப்படும் மெல்லிய பாய்க்கு வாரக்கணக்கில் குனிந்து உட்கார வேண்டும். மணமக்களின் பெயரைச் சேர்த்து நெய்யும் கல்யாணப் பாய்க்கு இன்னும் பொறுமை தேவை.

உம்மாவுக்கு இப்போது 68 வயது. வாப்பா மௌத்தான பிறகு எங்களை வளர்த்து ஆளாக்கியது அந்தத் தறிதான். பிள்ளைகள் தலையெடுத்த பின் அவர்கள் விலைக்கு நெய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வேலை நிற்கவில்லை. உறவில் ஒரு நிக்காஹ் என்றால் பாய் உம்மாவுடையது. லாத்தா வெளியே போனால் பேரப்பிள்ளைகள் உம்மாவிடம். பக்கத்து வீட்டு விருந்துக்குக் கறி மசாலா அரைக்கவும் உம்மாவே. எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்லும் விடை ஒன்றுதான்: “இன்ஷா அல்லாஹ், ஆகட்டும்.”

இந்த நிலையில்தான் சென்னையில் வசிக்கும் ஒருவர் எங்கள் மதரஸாவுக்கு வந்தார். மதரஸாவுக்குப் பலமுறை உதவியவர். தம் மகளின் நிக்காஹுக்குப் பெயர் போட்ட பட்டுப்பாய் ஒன்று வேண்டும் என்றார். நாற்பது நாள் தவணை. நான் சற்றும் யோசிக்கவில்லை. “அதற்கென்ன, எங்கள் உம்மா நெய்து தருவார்கள்” என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது மனத்துக்குள் ஒரு பெருமிதமும் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

இஷாவுக்குப் பிறகு உம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் உறங்கப் போனேன்.

மறுநாள் ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்தபோது தேநீரோடு காத்திருந்தார்கள்.

“வாப்பா, ஒன்னு சொல்றேன், மனசு நோகாதே. அந்தப் பாயை என்னால நெய்ய முடியாது.”

உம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. முதலில் எனக்கு வந்தது வருத்தமல்ல, கோபம். “நான் வாக்குக் கொடுத்துவிட்டேனே உம்மா!” என்றேன்.

“நீ குடுத்த வாக்கு உன் வாயோட வாக்கு. அதுல என் கையை எதுக்குச் சேர்த்தே?”

குரலை உயர்த்தவில்லை. வலது கையை என் முன் நீட்டினார்கள். கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியிருந்தது. மருத்துவர் ஓய்வு கொடுக்கச் சொல்லி ஆறு மாதமாகிறதாம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்தக் கை பரிமாறிய உணவைத்தான் உண்டுகொண்டிருந்தேன்.

“கை வலியை மட்டும் சொல்லல. சின்னப் பிள்ளையில ஓதுறதைப் பாதியில விட்டுட்டுக் கோரை கிழிக்க உட்கார்ந்தவ நான். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் ஓதுறேன். மௌத்துக்கு முன்னாடி ஒரு தடவையாவது குர்ஆனைத் திருத்தமா ஓதி முடிக்கணும். அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவுல உள்ள நேரம் இனி அதுக்குத்தான். காலையில கை விட்டுக் கொடுத்த மட்டும் நெய்வேன்.”

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதக் கற்றுக்கொடுக்கிறேன். சொந்த உம்மா எழுத்துக் கூட்டி ஓதுகிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். நாக்கு உலர்ந்துபோனது. “நானே சொல்லித் தருகிறேன் உம்மா” என்றேன்.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். “வேணாம் வாப்பா. உனக்குப் பொறுமை பத்தாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆலிமா முடிச்சிருக்கா, அவகிட்ட கேட்டுட்டேன்.”

ஒரே காலையில் இரண்டு ‘முடியாது’. இரண்டாவதுதான் அதிகம் சுட்டது.

அந்த வாரம் மதரஸாவில் ஸூரத்துன் நூர் பாடம் நடந்துகொண்டிருந்தது. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்றும், ‘திரும்பிச் செல்லுங்கள்’ என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே உங்களுக்குப் பரிசுத்தமானது என்றும் அல்லாஹ் கற்றுத்தரும் இடம் (24:27, 28). ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “ஹஜ்ரத், வீடு தேடிப் போனவரைத் திரும்பிப் போன்னு சொன்னா அவருக்குக் கோபம் வராதா?”

ஆண்டுதோறும் நான் சொல்லும் விடை ஒன்று உண்டு. வீட்டுக்காரருக்கும் உரிமை இருக்கிறது. கோபப்படாமல் திரும்புவதே வந்தவரின் ஒழுக்கம் என்பேன். அன்றும் அதையே சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே குரல் தடுமாறியது. வீட்டு வாசலுக்கு அனுமதி கேட்கக் கற்றுக்கொடுக்கும் நான், ஒரு மனுஷியின் கைக்கும் நேரத்துக்கும் அனுமதி கேட்கவில்லையே! திரும்பிச் செல் என்று அவர்கள் கனிவோடு சொன்னபோது வாசலில் நின்று வாதாடினேனே!

அன்று மாலை பாடக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளும்கூட நாளில் மூன்று நேரங்களில் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் ஒருவருக்கென்று ஒரு நேரம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஸல்மான் (ரழி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரழி) அவர்களைப் பார்த்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிய உரிமையை அவரவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியதையும், நபி (ஸல்) அவர்கள் அதை உண்மையென ஏற்றதையும் எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்! உம்மாவின் கட்டைவிரலுக்கும் அந்த உரிமை உண்டு என்று ஒருமுறையும் தோன்றவில்லை.

பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லக் கூடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் பெற்றோர் நம்மிடம் ‘முடியாது’ என்று சொல்ல இடம் விட்டிருக்கிறோமா? விருந்தில் பத்துப் பேர் நடுவில், “எங்க உம்மா செஞ்சு தருவாங்க” என்று சொல்லிவிட்டுப் பிறகு அவர்கள் முகத்தைப் பார்ப்பது கேட்பதாகாது. மறுக்க வழியில்லாதபடி கேட்பது கட்டளையின் இன்னொரு வடிவம்.

மறுப்பவர்களுக்கும் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. கொடுக்க இயலாத நிலையில் கேட்பவரிடம் இதமான சொல்லைச் சொல்லுமாறு ஸூரத்து பனீ இஸ்ராயீல் (17:28) கற்பிக்கிறது. உம்மா அதை ஏட்டில் படித்தவர்களல்லர். ஆனாலும் அப்படியே நடந்தார்கள். இல்லாத நோயைச் சொல்லவில்லை, பொய்ச்சாக்குத் தேடவில்லை. முப்பது நாள் கழித்துக் கைவிரிக்காமல் மறுநாளே சொன்னார்கள். தம்மால் இயன்றது எதுவோ அதையும் சேர்த்தே சொன்னார்கள். சாயமேற்றிக் கட்டி வைத்திருந்த கோரையை எடுத்து, விலைக்கு நெய்யும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு என்னிடமே கொடுத்தனுப்பினார்கள். “சாயம் நல்லாப் பிடிச்ச கோரை, அவளுக்கு உதவும்” என்றார்கள்.

சென்னைக்காரருக்கு நான் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. “உம்மாவிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன், தவறு என்னுடையது. இன்னாரிடம் விலை கொடுத்து நெய்துகொள்ளலாம்” என்றேன். மறுமுனையில் சிறிது மௌனம். “சரி ஹஜ்ரத்” என்றார். பாய் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. ஆயினும் அவருடைய பேச்சில் முன்பிருந்த நெருக்கம் இன்றுவரை திரும்பவில்லை. லாத்தாவுக்கும் முதலில் மனத்தாங்கல்தான். “உம்மா முன்ன மாதிரி இல்ல” என்று குறைப்பட்டுக்கொண்டாள். இப்போது பேரப்பிள்ளைகளை அழைத்து வருவதற்கு முன் கேட்டுக்கொண்டு வருகிறாள். வந்தால் உம்மாவும் முன்பைவிடச் சிரித்த முகத்தோடு அவர்களைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு உள்ளறைக் கதவு இப்போது பாதி சாத்தியிருக்கும். உள்ளே இருபது வயதுப் பெண் ஓதிக் காட்ட, உம்மா தொடர்ந்து ஓதுகிறார்கள். எங்கள் நாவுக்குப் பழக்கமில்லாத அரபு எழுத்துகளில் திரும்பத் திரும்ப இடறுகிறார்கள். திண்ணையில் அமர்ந்திருக்கும் எனக்கு, எழுந்துபோய்த் திருத்திவிட வேண்டும் என்று கால் பரபரக்கும். போவதில்லை. அனுமதி கேட்கவில்லையே. இதுவரை ஏழு ஜுஸ்உகள் முடித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ‘ஆகட்டும்’ என்று சொல்லும் ஒரு முதியவர் இருக்கக்கூடும். இன்று தனிமையில் அவரருகே அமர்ந்து, எந்த நேரம் உங்களுக்கென்று வேண்டும் என்று கேளுங்கள். சொல்வதற்கு அவருக்குக் கொஞ்சம் நாள் பிடிக்கலாம், காத்திருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் எஞ்சிய நாட்களில் பரக்கத் செய்வாயாக! அவர்களுடைய ‘முடியாது’ என்ற சொல்லையும் முகம் கோணாமல் ஏற்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.