நூலின் இழுவிசை

2019ஆம் ஆண்டு, திருப்பூருக்கு அருகில் நாம் பங்குப் பணியாற்றிய காலம். ஒரு ஞாயிறு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கலங்கிய கண்களுடன் வந்தார். அவருடைய மகன் பின்னலாடைக் கூடமொன்றில் இரவுப் பணி செய்பவன். அவன் ஓட்டிய இயந்திரத்தில் பின்னிய பாலியெஸ்டர் துணியில், சாயமேற்றிய பின் குறுக்குக் கோடுகள் தெரிந்தனவாம். இழப்பில் ஒரு பகுதியை அவன் கூலியில் பிடிக்கப் போகிறார்களாம். "எம் பிள்ளை தப்புப் பண்ணியிருக்க மாட்டான் சாமி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நாமும் அதை அப்படியே நம்பினோம். எளியவர்க்காகப் பரிந்து பேசுவதற்கு ஆராய்ச்சி எதற்கு என்பது நம் பழைய வழக்கம்.

மறுநாள் இரவு, பணி மாறும் நேரத்தில் அக்கூடத்துக்குச் சென்றோம். அங்கியோடு ஒருவர் இயந்திரங்களுக்கிடையே நிற்பது அங்கிருந்தோர்க்கு வேடிக்கையாயிருந்தது. 1589இல் முதல் பின்னற்பொறியை அமைத்த இங்கிலாந்தின் வில்லியம் லீயும் கால்வர்ட்டன் ஊரில் துணைக்குருவாயிருந்தவர் என்பது மரபுவழிச் செய்தி. அன்று அதைச் சொல்லித் தப்பிக்க நமக்குத் தோன்றவில்லை.

உரிமையாளர் இல்லை. முதிய ஃபிட்டர் ஒருவர் நாம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "துணியவே கேட்டுப் பாத்துருவோமுங்க சாமி" என்று சொல்லி, கோடு விழுந்த துணியில் ஒரு முழம் விரித்தார்.

அந்த வட்டப் பின்னல் இயந்திரத்தின் உருளை 30 அங்குல விட்டமுடையது. அதில் 2,200க்கும் மேற்பட்ட ஊசிகள். சுற்றிலும் 90 ஃபீடர்கள். ஒவ்வொரு ஃபீடரும் ஒரு நூலை ஊட்ட, உருளை ஒருமுறை சுழல்வதற்குள் 90 வரிசைக் கண்ணிகள் உருவாகின்றன. ஆகவே ஒரே ஒரு ஃபீடரில் கோளாறு என்றால், அது 90 வரிசைக்கு ஒருமுறை தவறாமல் தலைகாட்டும். உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்து ஃபிட்டர் எண்ணினார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே சரியாக 90.

"அந்த ஃபீடருக்கு வேறு ரக நூல் வந்திருக்கலாமே?" என்று கேட்டோம். அவர் மறுக்கவில்லை. 100 கண்ணிகளுக்கு அடையாளமிட்டு, கோட்டில் இருந்த நூலையும் பக்கத்து நூல்களையும் பிரித்தெடுத்து, அளவுகோலின் மேல் நீட்டி வைத்தார். நூல் ரகம் மாறியிருந்தால் நீளம் மாறாது. சாயம் பிடிப்பது மட்டுமே மாறும். ஆனால் கோட்டு நூல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அது இறுக்கமாக இழுபட்டுச் சிறு கண்ணிகளாய் விழுந்த நூல்.

இழுவிசைக்குத் தொழிலாளர் இட்டிருக்கும் பெயர் 'டென்ஷன்'. நாம் மனத்துக்குச் சொல்லும் அதே சொல். பருத்தி நூலைக் கூடுதலாக இழுத்தால் அது அறுந்துவிடும், விளக்கு எரியும், இயந்திரம் நிற்கும். பாலியெஸ்டர் இழை எளிதில் அறுவதில்லை. நீண்டு கொடுத்து, ஒன்றும் நடவாததுபோல் துணிக்குள் போய்விடுகிறது. சாயமேற்றாத துணியில் பழகிய கண்ணுக்கும் அது அகப்படாமல் போகலாம். 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சாயமேற்றும்போது, இழுபட்ட இழை தளர்ந்து சுருங்கும். ஒளித்து வைத்தது அப்போது வெளிப்படும்.

ஃபிட்டர் இழுவிசைமானியை எடுத்துக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு நூலும் 4 கிராமை ஒட்டிக் காட்டியது. ஒன்று மட்டும் அதைப்போல் இருமடங்கு. உடனே இயந்திரத்தை நிறுத்தினார். அன்றைய துணியும் அந்தக் கோட்டோடுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு ஃபீடரிலும் பெல்ட்டால் சுழலும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. நூல் அதில் பலமுறை சுற்றி வருவதால்தான் சக்கரம் நூலைப் பற்றி, அளவாக ஊட்டுகிறது. அந்த ஃபீடரில் இருந்தவை நான்கே சுற்றுகள். வழுவழுப்பான இழை வழுக்கியது. ஊசிகளுக்குப் போதிய நூல் போய்ச் சேரவில்லை.

இளைஞன் நமக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். "கோன் தீந்துச்சு. நான்தான் கோத்தேன்" என்றான். பழைய கூடத்தில் பருத்தி ஓட்டியபோது அத்தனை சுற்றுகளே போதுமானதாயிருந்ததாம். இங்கே ஒருவரும் அவனுக்கு வேறு விதமாய்ச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஃபிட்டர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லிக் குடுக்காதது என் தப்புங்க. மொதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். பிடித்தம் பாதியாகக் குறைந்தது. முழுவதும் நீங்கவில்லை. நாம் அதற்குமேல் வற்புறுத்தவும் இல்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று இன்றும் எண்ணுவதுண்டு.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அந்தத் தாய் காத்திருந்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னோம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எத்தன சுத்து சுத்தணுமாம் சாமி?" என்று கேட்டார்.