கூம்பு தாங்கும் மரம்

சங்கரன்கோவில் கரிசல் மண்ணில் பைன் மரமோ தேவதாருவோ வளர்வதில்லை. ஆயினும், கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியதும் நம் இல்லங்களில் சவுக்குக் கிளை ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதில் வண்ணத்தாளும் விண்மீனும் தொங்கும். மேலைநாட்டார் அவ்விழாவிற்கு நாட்டும் மரத்தைக் 'கோனிபர்' இனம் என்பர். அச்சொல்லின் பொருளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கிரேக்கர் பைன் மரக்காயைக் 'கோனோஸ்' என்றனர். அது இலத்தீனில் 'கோனுஸ்' ஆயிற்று; கூம்பு என்பது பொருள். 'பெர்ரே' என்றால் தாங்குதல், சுமத்தல், கொண்டுவருதல். இரண்டும் இணைந்து 'கூம்பு தாங்குவது' என்றாயின. கி.மு. 19இல் மறைந்த கவிஞர் வெர்ஜில், தம் 'ஈனீட்' காப்பியத்தில் சைப்ரஸ் மரத்திற்கு இவ்வடைமொழியையே சூட்டினார்.

'பெர்ரே' நமக்கு அந்நியமான வினை அன்று. 'இலூசிபர்' என்றால் ஒளி தாங்கி. விடிவெள்ளியின் பெயர் அது. அலகையின் பெயராக நாம் அறிந்த அச்சொல், பாஸ்கா திருவிழிப்பின் இலத்தீன் புகழுரையில் கிறிஸ்துவையே குறிக்கிறது. திருப்பலியில் காணிக்கைப் பகுதியின் இலத்தீன் பெயரான 'ஒபெர்த்தோரியும்' இவ்வினையின் வழிவந்ததே. இன்னும் ஒரு வியப்பு உண்டு. 'பெர்ரே'யும், வடமொழியில் சுமத்தலைக் குறிக்கும் வேரும் ஒரே மூலத்தின் கிளைகள் என்பர் மொழிநூலார். அவ்வடமொழி வேரிலிருந்து தமிழுக்கு வந்த சொல்தான் 'பாரம்'. நம் ஊர்ப் பூச்சந்தையில் மூட்டையை இறக்கி வைத்து, "பாரம் குறைந்தது" என்பவர், உரோமையரின் வினைக்கு உறவான சொல்லையே உரைக்கிறார்.

'கூம்பு' என்பதோ நம் சொல். மாலையில் தாமரை இதழ் குவிவது கூம்புதல். இறைவன்முன் கைகூப்புதலும் அச்சொல்லின் உறவே.

இனி மரங்களுக்கு வருவோம். சவுக்கில் ஊசி இலை போல் தோன்றுபவை உண்மையில் மெல்லிய கிளைகளே. கூம்பு போன்ற காய் இருந்தும் அது பூக்கும் தாவர இனத்தது, கோனிபர் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலோ 'நாகேயா வாலிச்சியானா' என்னும் மரம் உண்டு. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் கோனிபர் அது ஒன்றே. அதன் இலை அகன்றது. மரக்கட்டை போன்ற கூம்பும் இல்லை. சதைப்பற்றுள்ள உறை மூடிய விதையை மட்டுமே தாங்கி நிற்கிறது. காண்பவர் அதனைக் கூம்பு தாங்கி என்று எண்ணவும் மாட்டார்.

மனிதரிலும் இவ்வாறே தாங்குவோர் உளர். படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்கி அமர்த்திச் சோறு ஊட்டும் மருமகள், விசைத்தறியில் இரவெல்லாம் நின்று தம்பி தங்கையரைப் படிக்க வைக்கும் அண்ணன் ஆகியோரின் பாரம் வெளியே தெரிவதில்லை. அன்பியக் கூட்டத்திற்கு வராதவர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கவும் கூடும். கனியால் மரத்தை அறியச் சொன்னார் ஆண்டவர். கனியைக் காண வேண்டுமெனில் நாம் மரத்தின் அருகே செல்ல வேண்டும் அன்றோ?

வரும் கிறிஸ்து பிறப்பு விழாவில் நம் தெருவில் அத்தகைய வீடு ஒன்றைத் தேடிச் செல்வோம். இனிப்புடன் திரும்பிவிடாமல், நோயாளியின் அருகே ஒரு மணி நேரம் நாம் அமர்ந்திருப்போம். அந்த மருமகள் அன்றைய திருப்பலிக்குச் சென்று வரட்டும்.