வெள்ளியைக் கரைக்க எந்த மருந்து?

போட்டோ பிலிமைக் கழுவினால் முதலில் நெகடிவ்தான் வரும். ஆனால் அந்தக் காலத்து வீட்டு சினிமா பிலிமில் அதே சுருளே நேர்ப்படமாக மாறிவிடும். இதற்கு ரிவர்சல் என்று பெயர். முதல் டெவலப்பரில் உண்டாகும் கருப்பு வெள்ளியை ஒரு மருந்து கரைத்து வெளியேற்றும். மிச்சமிருக்கும் வெள்ளி உப்பை வெளிச்சம் காட்டி மறுபடி டெவலப் செய்தால் நேர்ப்படம். கரைக்கும் அந்த மருந்தைத்தான் ப்ளீச் என்கிறார்கள்.

என் தங்கையின் பேரன் சென்னையில் படிக்கிறான். ஒரு சூப்பர் 8 சுருளை, ஐம்பது அடி, ஓடினால் 3 நிமிடம் 20 நொடி, திமிரியில் என் வீட்டுக் குளியலறையில் கழுவ வேண்டும் என்றான். "டைக்ரோமேட்தான் தாத்தா பெஸ்ட். எல்லாரும் அதான் சொல்றாங்க."

"அந்தப் பேச்சே இங்க வேணாம்டா" என்றேன்.

புதுச்சேரியில் எனக்குப் படிப்பெல்லாம் பிரெஞ்சில். 'பிக்ரோமாத் து பொத்தாசியம்' என்று முசியே சொல்லிக் காட்டிய ஆரஞ்சுக் கரைசல் இன்னும் கண்ணில் நிற்கிறது. அழகான நிறம். அந்த அழகு என்ன செய்யும் என்பதை இந்தப் பக்கம் குடிவந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆற்காடு தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை டைக்ரோமேட்டும், தோல் பதனிடும் குரோமிய உப்பும் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடினார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அப்படியே குவிந்து கிடந்தது. சுற்றுப்புற நிலத்தடி நீர் மஞ்சளானது. உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்க அமைப்பு 2006ல் வெளியிட்ட பட்டியலில் நம் ராணிப்பேட்டையும் உண்டு. இந்த ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது.

கோடக்கின் பழைய ப்ளீச்சில் லிட்டருக்கு 9.5 கிராம் டைக்ரோமேட். "பத்து கிராம்கூட இல்லியே தாத்தா?" என்றான். எங்கள் குளியலறைத் தண்ணீர் தென்னை மரத்தடிக்குப் போகிறது. அங்கிருந்து பத்தடியில் கிணறு. அதற்கு மேல் அவன் பேசவில்லை.

நியாயமாகச் சொன்னால் டைக்ரோமேட் வேலைக்கு நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் கெடாது, படத்தில் கறை விடாது. இன்னொன்றும் உண்டு. பிலிமின் மேல் இருக்கும் ஜெலட்டின், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. தோலைப் பதப்படுத்துவது போலவே குரோமியம் அதையும் இறுக்கிவிடும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பொட்டாசியம் பர்மாங்கனேட். காலரா பயம் வந்தால் கிணற்றில் போடுவார்களே, அதுதான். லிட்டருக்கு 2 கிராம் போதும். கூட அமிலம் வேண்டும். கந்தக அமிலத்துக்குப் பதில் சோடியம் பைசல்பேட் தூள் வாங்கினோம். இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, வேலைக்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். கலந்தது சில மணி நேரத்தில் கெட்டுவிடும். தெருவில் விற்கும் பாத்ரூம் ஆசிட்டை மட்டும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். பெராக்சைடில் செய்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதில் ஜெலட்டின் கொப்பளிக்கும் என்பதால் விட்டுவிட்டோம்.

பர்மாங்கனேட்டுக்கும் ஒரு குணக்கேடு உண்டு. ஜெலட்டினை இளக்கிவிடும். தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் தேவலாம். சித்திரையில் எங்கள் தொட்டித் தண்ணீரில் முக்கினால் படம் பிலிமை விட்டே உரிந்து வரும். அதனால் தை மாத விடியற்காலையில், வாளியைச் சுற்றி ஐஸ் போட்டுச் செய்தோம். ப்ளீச்சிலிருந்து எடுத்த பிலிம் துருப்பிடித்தது போலப் பழுப்பாக இருந்தது. மெட்டாபைசல்பைட் கரைசலில் போட்டதும் அந்தப் பழுப்பு போய்விட்டது. பையன் கத்தியே விட்டான். ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு மட்டும் ஜெலட்டின் நழுவியிருந்தது.

பயன்படுத்திய ப்ளீச்சில் அந்த மெட்டாபைசல்பைட்டையே ஊற்றினால் ஊதா நிறம் போய்விடும். நெடி வரும், ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். ஆனாலும் கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. ஹைப்போவிலும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி கேனில் அடைத்துக் கொடுத்தேன். கல்லூரி லேபில் ரசாயனக் கழிவு சேர்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனான்.