ஸ்பீகல் குரோவில் கயிறு கட்டுபவர்கள்

ஃபுளோரிடாவின் கீ லார்கோ படகுத்துறையில், கூடுதல் ஆக்சிஜன் கலந்த காற்றோடு கடலுக்குள் இறங்கப் போகிறவர் தன் சிலிண்டரைத் தானே அளந்துகொள்ள வேண்டும். வால்வை லேசாகத் திறந்து ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் காட்டினால் எண் ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். எனக்கு 32. சிலிண்டரில் ஒட்டிய காகித நாடாவில் ‘32%, 110 அடி’ என்று என்னையே எழுதச் சொன்னார் வழிகாட்டிப் பெண். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதைக் கூட்டினால் உடம்பில் நைட்ரஜன் சேர்வது குறையும். ஆனால் நாடாவில் எழுதிய ஆழத்தைத் தாண்டினால் அதே ஆக்சிஜன் வலிப்பை வரவழைக்கலாம். நாங்கள் பார்க்கப் போகும் மூழ்கிய கப்பல் உட்கார்ந்திருக்கும் மணலோ சுமார் 130 அடியில். “நான் சொன்னால் மறந்துபோவீர்கள், எழுதினால் மறக்காது” என்றார் வழிகாட்டி.

ஸ்பீகல் குரோவ் 510 அடி நீளக் கடற்படைக் கப்பல். தரையிறங்கு படகுகளை வயிற்றில் சுமந்து போக 1950களில் கட்டியது. 1989இல் ஓய்வு கொடுத்தபின் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில் சும்மா கிடந்தது. அதைச் செயற்கைப் பவளத்திட்டாக்க முடிவானதும் முதல் வேலை சுத்தம் செய்வது. எண்ணெயை வடித்து, நச்சு கலந்த மின்கம்பிகளை உருவி, கதவுகளைக் கழற்றி, உள்ளே போகிறவர் வெளியே வரச் சுவர்களில் வழி வெட்டினார்கள். இவ்வளவும் செய்து கொண்டுவந்தால், 2002 மே 17 அன்று மூழ்கடிக்கக் குறித்த நேரத்துக்கு முன்பே தண்ணீர் ஏறிக் குப்புறக் கவிழ்ந்தது. முன்மூக்கு மட்டும் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் மீட்புக் குழுவினர் அதைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் கடந்து போனபின் பார்த்தால், கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது! இந்தத் திட்டத்தில் காசு வாங்காமல் நடந்த வேலை அது ஒன்றுதான்.

கப்பல் கிடக்கும் இடத்தில் நங்கூரம் போடக் கூடாது. மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். கேப்டன் எஞ்சினைக் குறைத்துவிட்டு மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் இழுக்கிறது, பின்னால் எவ்வளவு நுரை தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. “பந்து தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்தா பேசாமத் திரும்பிடுவேன். எல்லாரும் முறைப்பாங்க” என்றார். அன்று முங்கவில்லை. உதவியாளர் கொக்கியால் மிதவைக் கயிற்றைப் பிடித்து, படகின் கயிற்றைக் கோத்து முடிந்தார். அடுத்து படகின் பக்கவாட்டில் ஒரு கயிறு, பின்புறம் மிதக்கவிட்ட நீளக் கயிறு ஒன்று. நீரோட்டத்தில் கை நழுவியவருக்கு அந்தக் கடைசிக் கயிறுதான் கதி. மற்றவர்கள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த இந்த வேலைதான் பயணத்தின் பாதி என்பேன்.

கீழே, அறுபது எழுபது அடியிலேயே மேல்தளங்கள் தெரியத் தொடங்கின. கைப்பிடிக் கம்பிகளில் பஞ்சுயிரிகள் அப்பியிருந்தன. இரும்பு எது, உயிர் எது என்று தொடாமல் சொல்ல முடியாது. சீலா மீன்கள் அசையாமல் நின்றன. இருட்டு வாசல் ஒன்றில் நான் தலையை நீட்டியதும் வழிகாட்டி என் தோளைப் பிடித்து இழுத்து, விரலை ஆட்டினார். மறுபக்க வெளிச்சம் தெரியாத அறைக்கு அவர் யாரையும் விடுவதில்லை. 2007இல் இந்தக் கப்பலுக்குள் போன மூவர் வழி தெரியாமல் இறந்தார்கள். துருவின் தூசு ஒருமுறை கிளம்பினால் கைவிளக்கும் உதவாது.

மேலே வந்து ஈர உடையோடு உட்கார்ந்திருக்கையில் பழைய விவாதத்தைக் கிளறினேன். இரும்புக் கப்பல் மீன்களைப் பெருக்குகிறதா, வேறிடத்து மீன்களைக் கூட்டிச் சேர்க்கிறதா? ஆய்வாளர்களே இரு கட்சி. கேப்டன் வேறு வாதம் வைத்தார்: கப்பல் வந்ததால் ஆட்கள் இங்கே வருகிறார்கள், இயற்கைப் பவளத்தின் மேல் கால் படுவது குறைகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உதவியாளர் அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார். படகு அன்றைய இரண்டாம் இறக்கத்துக்காக மொலாசஸ் என்ற இயற்கைப் பவளத்திட்டை நோக்கித் திரும்பியது. அதைச் சுட்டிக்காட்டினேன். “ஒரே இறக்கம்னா யாரு டிக்கெட் எடுப்பா?” என்று சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார்.