தறி ஏறிய குன்று

ஊட்டி மலை ரயில் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரும் சரிவு. அதற்கே நாம் ஜன்னலோரம் இடம்பிடித்து, போட்டோ எடுத்து, ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். பிரான்சில் லியோன் நகரத்து மெட்ரோவில் 'சி' லைன் என்று ஒன்று ஓடுகிறது. அதுவும் பல்சக்கர ரயில்தான். ஆறடிக்கு ஓரடி ஏறுகிறது, ஊட்டி ரயிலைப்போல இரண்டு பங்கு செங்குத்து. ஆனால் அதற்குள் யாரும் போட்டோ எடுக்கவில்லை. கக்கத்தில் நீள ரொட்டியை இடுக்கிய ஒரு பெரியவர், குழந்தை வண்டியைக் காலால் தடுத்துப் பிடித்தபடி போனில் பேசும் ஒரு பெண், வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகள். க்ருவா-பாக்கே ஸ்டேஷனில் பிளாட்பாரமே சரிவாக இருக்கிறது. அங்கே நேராக நிற்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும்.

மகள் லியோனில் வேலையாயிருக்கிறாள். பகலில் அவள் ஆபீஸ் போய்விடுவாள், நான் மெட்ரோவில் சுற்றுவேன். பாஷை தெரியாமல் தனியாகச் சுற்ற ஐரோப்பாவில் இதைவிடத் தோதான ஊர் இருக்குமா என்று தெரியவில்லை. ஏ, பி, சி, டி என்று நாலே லைன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். "எங்கே இறங்கணும்னு மட்டும் பாக்காதம்மா, எந்தக் கடைசி ஸ்டேஷனுக்குப் போற வண்டின்னு பாரு" என்று மகள் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த மொத்தப் பாடம். கடைசி ஸ்டேஷன் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டால் போதும், பலகையில் எழுத்தோடு எழுத்தை ஒத்துப்பார்த்துவிடலாம். சுமார் இரண்டு யூரோ டிக்கெட் ஒரு மணி நேரம் செல்லும். அதற்குள் பஸ், டிராம், மெட்ரோ எதில் வேண்டுமானாலும் மாறி ஏறலாம்.

1978இல் திறந்த மெட்ரோ இது. நம் நாட்டின் முதல் மெட்ரோ கொல்கத்தாவில் ஓடத் தொடங்கியது 1984இல்தான். ஏ, பி இரண்டும் பெரும்பாலும் தெருவைத் தோண்டி, குழியில் தண்டவாளம் போட்டு, மேலே மூடிய லைன்கள். அதனால் ஆழம் குறைவு, மூட்டுவலிக்காரர்கள் வாழ்த்துவார்கள். 'டி' லைன் ரோன், சோன் இரண்டு ஆறுகளுக்கும் அடியில் போகிறது. 1992 முதல் அதற்கு டிரைவர் கிடையாது. முன்கண்ணாடி வழியாகச் சுரங்கம் நம்மை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். குழந்தைகளோடு போட்டி போட்டுத்தான் அந்த இடத்தைப் பிடித்தேன். சென்னை மெட்ரோ சுரங்க ஸ்டேஷன்களில் இருப்பதுபோல பிளாட்பாரத்தில் கண்ணாடிக் கதவு இல்லை. யாராவது தண்டவாளத்தில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடித்து வண்டியை நிறுத்திவிடுமாம்.

'ஏ' லைனின் கிழக்குக் கோடி ஸ்டேஷன் வோ-ஆன்-வெலின் லா ஸ்வா. பட்டு என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது என்று மகள் சொன்னதும் ஆசையாகப் போனேன். அங்கே 1920களில் எழுந்தது செயற்கைப் பட்டு ஆலை! ஒரிஜினல் பட்டுக்கும் ஆர்ட் சில்க்குக்கும் இருக்கிற பகை எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டேன்.

அசல் பட்டு இருந்தது 'சி' லைன் ஏறும் குன்றில். க்ருவா-ரூஸ் ஸ்டேஷனை விட்டு மேலே வந்தால் சதுக்கத்தில் ஒருவர் சிலையாக நிற்கிறார். ஜோசப் மரி ஜக்கார்டு. லியோன்காரர், 1804 வாக்கில் அட்டை வைத்து டிசைன் நெய்யும் பெட்டியை உண்டாக்கியவர். எங்கள் ஊரான வெம்பாக்கத்தில், எங்கள் வீட்டில் தினமும் காலையில் முதலில் காதில் விழுவது அந்தப் பெட்டியின் சத்தம்தான். அப்பா கால் மிதிக்க மிதிக்க, ஓட்டை குத்திய அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டு விழும். நான் பக்கத்தில் தார் சுற்றுவேன். 'ஜக்கார்டு' என்பது ஆள் பெயர் என்று எனக்குக் கல்லூரி வந்தபிறகுதான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா, தெரியாது. சேலைக் கரை ஒன்றுக்குச் சில நூறு அட்டை கோப்போம். 1839இல் இதே லியோனில் ஜக்கார்டின் உருவத்தைப் பட்டிலேயே நெய்தார்கள், சுமார் 24,000 அட்டை வைத்து. அப்பா கேட்டிருந்தால் முதலில் கூலியைத்தான் விசாரித்திருப்பார்.

அந்தப் பெட்டி தறிக்கு மேலே உட்கார வேண்டும். பழைய லியோனின் தாழ்ந்த வீடுகளில் அதற்கு இடமில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு குன்றின் மேலிருந்த மடத்து நிலங்கள் விலைக்கு வந்தன. நெசவாளர்கள் குன்றேறினார்கள். அங்கே கட்டிய வீடுகளுக்கு நாலு மீட்டர் உயரக் கூரை, வெளிச்சத்துக்கு ஆளுயரத்தை மிஞ்சிய ஜன்னல். கீழே தறி, பரணில் படுக்கை. இன்று அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், காரணம் அதே உயரக் கூரைதான். எங்களுடையது குழித்தறி. கால் பூமிக்குள் போய்விடுவதால் பெட்டி எப்படியோ விட்டத்துக்குக் கீழே அடங்கிக்கொண்டது. ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும். லியோன் நெசவாளருக்கு இந்தத் தொல்லை மட்டும் இல்லை.

மற்றதெல்லாம் ஒன்றுதான். வியாபாரிகள் சரிவின் கீழ்ப்பக்கம், தறிகள் மேலே. நூலை வாங்கி ஏறவேண்டும், நெய்ததைச் சுமந்து இறங்கவேண்டும். மழையில் பட்டு நனையாமலிருக்க, ஒரு கட்டடத்துக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிப்படும் சந்துவழிகள் அங்கே ஏராளம். 1831இல் பேசி முடித்த கூலியைத் தரமுடியாது என்று வியாபாரிகள் கைவிரித்தபோது, நெசவாளர்கள் இதே சரிவில் இறங்கி நகரத்தையே பிடித்துவிட்டார்கள். பிறகு பட்டாளம் வந்தது. 1862இல் குன்றுக்குக் கயிறு இழுக்கும் ரயில் வந்தது, 1891இல் இன்னொன்று. அந்த இரண்டாவது வழியில்தான் இன்றைய 'சி' லைன் பல்சக்கரத்தோடு ஏறுகிறது. சுமை எங்கே ஏறி இறங்கியதோ அங்கே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஊருக்கு ரயில் போடுகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பேன்.

அப்பா ஆரணி முதலாளிக்கு நெய்தார். சேலையை வேட்டித் துணியில் சுற்றி, செய்யாறு போய், ஆரணி பஸ் மாறி, கொடுத்துவிட்டு அடுத்த பாவோடு திரும்புவார். ஆரணிக்கு ரயில் இல்லை. ஆரணி ரோடு என்று ஸ்டேஷன் உண்டு, இறங்கினால் களம்பூர். திண்டிவனத்திலிருந்து செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்கு ரயில் பாதை போட 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. அப்பா கடைசிவரை பஸ்ஸில்தான் போனார். லியோன் குன்றின் மேல் தறிகள் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன, ரயில் சில நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிறது. நம் பக்கம் தறி இன்னும் ஓடுகிறது.

நெசவாளர் இல்லம் என்று ஒரு சின்ன அருங்காட்சியகம் க்ருவா-ரூஸ் குன்றில் இருக்கிறது. ஜக்கார்டு தறியில் நெய்து காட்டுகிறார்கள். நான் போன அன்று மகளுக்கு விடுமுறை, அவளும் வந்திருந்தாள். நெய்து காட்டிய அம்மாள் என் ஆரணிச் சேலையைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு எழுந்துவந்தார். கேட்காமலேயே முந்தியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். துணி தெரிந்தவர் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். எத்தனை நாள் வேலை, யார் நூல் தருவது, கூலியை யார் முடிவு செய்வது என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலாளிதான் என்று மகள் சொன்னதும் ஏதோ சொல்லிச் சிரித்தார். 1831 என்ற எண் மட்டும் எனக்குப் புரிந்தது, மகள் தாளில் குறித்துக் காட்டியதால்.

ஊருக்கு வந்து தறிகளைப் பார்க்கவேண்டும், எந்த லைன், எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி, காஞ்சிபுரத்தில் இறங்கி, வெம்பாக்கம் பஸ் பிடிக்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்தோம். பஸ் எத்தனை மணிக்கு என்றார். வரும்போது ஏறிக்கொள்ள வேண்டியதுதான் என்றேன். மகள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அவர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சேலைக்குத் துவைக்கிற பக்குவம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.